7 நாள் பயிற்சியும் 24 வார வரிசையும்: சாரதிப் பரீட்சை முகமைக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்புக்குரிய பிரதம நிறைவேற்று அதிகாரி அவர்களுக்கும், பிரிஸ்டல் தலைமையகத்தில் வீற்றிருந்து பெரிய பிரித்தானியாவின் தெருக்களுக்குச் சாரதிகளைப் பார்த்துப் பார்த்து அனுப்புகின்ற டி.வி.எஸ்.ஏ. முகமையின் சகல உத்தியோகத்தர்களுக்கும்,

என் பெறாமகள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே கிழமையில் கார் பழக்கி, ஏழாம் நாள் பரீட்சைக்கும் கூட்டிக்கொண்டு போகிற அதிவிரைவுப் பயிற்சியில் சேர்வதா, இல்லை, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்று ஊர்ந்து ஊர்ந்து பழகுவதா? குடும்பத்தில் எல்லாரிடமும் கேட்டுவிட்டாள். லண்டன் தமிழ்க் குடும்பங்களில் ஆலோசனைக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. "காசைக் கட்டு, ஒரு கிழமையோட சனியனை முடி" என்றார் ஹரோ மாமி. மாமா 1986இல் வந்தவர். "நான் கொடிகாமத்தில ட்ரக்டர் ஓடினவன். இஞ்ச ஆறு பாடத்தோட லைசென்ஸ் எடுத்தனான். உங்கட காலத்துப் பிள்ளையளுக்குத்தான் எல்லாத்துக்கும் கோர்ஸ்" என்றார். ஈஸ்ட்ஹாமில் கார் பழக்குகிற அண்ணை ஒருவர் மட்டும் எந்தப் புத்தியும் சொல்லவில்லை. "திகதி இருக்கோ, பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அவர் கேட்டதில் இருந்த நியாயம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. எப்படிப் பழகுவது என்பதை இந்த நாட்டில் பழகுகிறவர் தீர்மானிப்பதில்லை. திகதி தீர்மானிக்கிறது. திகதி உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே உங்களிடமே கேட்டுவிடுவது முறை என்று இதை எழுதுகிறேன்.

பிள்ளையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பராமரிப்பாளர் விசாவில் வந்தவள். வயோதிபர்களின் வீடு வீடாகப் போய்க் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, சாப்பாடு சூடாக்கிக் கொடுக்கிற வேலை. விடிய ஆறு மணிக்கு ஒரு வீடு, இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு வீடு. இரண்டுக்கும் இடையில் பஸ். கார் ஓடத் தெரிந்தவர்களுக்கு நல்ல மணித்தியாலங்களும் கிட்டிய வீடுகளும் கிடைக்கின்றன. மற்றவர்களுக்கு மிச்சம் கிடைக்கிறது.

அவளுக்குக் கார் ஓடத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இலங்கை லைசென்ஸ் இருந்தது. இங்கே குடியிருக்கத் தொடங்கி 12 மாதம் வரை அதை வைத்து ஓடலாம் என்பது சட்டம். பதின்மூன்றாம் மாதம் முதல் நாள் காலையில் அவள் ஓடிய வருடங்கள் எல்லாம் அழிந்து, காரின் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்துத் தட்டு ஒட்டிய பழகுநர் ஆகிவிட்டாள். கனடா லைசென்ஸ்காரர் பரீட்சை இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். ஐக்கிய அரபு அமீரகத்து லைசென்ஸ்காரரும் மாற்றிக்கொள்ளலாம். அந்த இரண்டு நாடுகளிலும் வாகனம் வலப்பக்கமாக ஓடுகிறது. உங்கள் முன்னோர் வந்து தெருப் போட்டு, இடப்பக்கம் ஓடப் பழக்கிவிட்டுப் போன இலங்கைக்கு அந்தச் சலுகை இல்லை. இது சுவான்சியிலிருக்கும் வேறொரு முகமையின் விவகாரம், எங்களுடையதல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும். பிரித்தானிய நிர்வாகத்தில் எந்த விவகாரமும் எப்போதும் வேறொரு முகமையினுடையதுதான்.

எழுத்துப் பரீட்சையை அவள் முடித்துவிட்டாள். 23 பவுண், 50 கேள்விகள், 43 சரியாக வர வேண்டும். அதோடு தெருவில் வரப்போகும் ஆபத்தைத் திரையில் கண்டவுடன் சொடுக்க வேண்டிய பகுதி, அதில் 75க்கு 44. ஒரு காலத்தில் அந்தக் கேள்விகளைக் காதில் தமிழிலேயே கேட்கலாம். பத்தொன்பது மொழிகளில் ஒன்றாக எங்கள் மொழிக்கும் உங்கள் கணினிகளில் இடம் தந்திருந்தீர்கள். 2014 ஏப்ரலில் எல்லாவற்றையும் நிறுத்தி, ஆங்கிலத்தையும் வெல்ஷையும் மட்டும் வைத்துக்கொண்டீர்கள். குறை சொல்லவில்லை. தெருப் பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கும்போது சாரதிக்கும் ஆங்கிலம் வேண்டும் என்பது நியாயம். பிள்ளை ஆங்கிலத்திலேயே எழுதினாள். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு இரண்டே வருட ஆயுள். அதற்குள் தெருப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் மறுபடி 23 பவுண், மறுபடி 50 கேள்விகள். அதனால்தான் இந்த ஒரு கிழமைப் பயிற்சி அவள் கண்ணுக்கு இவ்வளவு அழகாகத் தெரிகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். சித்தியடைகிறவர்கள் சராசரியாக 45 மணித்தியாலம் ஆசிரியரிடமும், 22 மணித்தியாலம் வீட்டாரோடும் பழகியிருக்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். கிழமைக்கு ஒரு பாடம் என்றால் 45 பாடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம். லண்டனில் மணித்தியாலத்துக்கு நாற்பது பவுண் அளவில் போகிறது, ஆக 1,800 பவுண். அதிவிரைவுப் பயிற்சிக்காரரோ முப்பது மணித்தியாலத்தை ஒரு கிழமைக்குள் அடைத்து, ஆயிரத்துக்கு மேல், இரண்டாயிரத்துக்குக் கீழ் ஏதோவொரு தொகை கேட்கிறார்கள். காசைப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. காலத்தைப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு எதிரே ஒரு கிழமை. இந்த அளவில் எந்தப் பிள்ளையும் கிழமைப் பக்கம்தான் சாயும்.

அடுத்த வரியை உங்கள் நாட்காட்டி எழுதுகிறது. உங்கள் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, தெருப் பரீட்சைக்கான சராசரிக் காத்திருப்பு அந்த ஆண்டு செப்டம்பரில் 22 வாரம். கொரோனாவுக்கு முன், 2020 பெப்ரவரியில், அது ஐந்து வாரம் அளவில்தான் இருந்தது. பெரும்பாலான நிலையங்களில் காத்திருப்பு 24 வாரத்தைத் தொட்டு நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் 24 வாரத்துக்கு அப்பால் பதிவு செய்ய உங்கள் கணினி விடாது என்பதுதான். நாட்காட்டியை அத்தோடு கிழித்துவிட்டால் வரிசையும் அத்தோடு முடிந்துவிடும் என்று கண்டுபிடித்த அதிகாரிக்கு அரசர் கட்டாயம் ஒரு பட்டம் வழங்க வேண்டும்.

இதற்கு நீங்கள் வாளாவிருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காத்திருப்பை 7 வாரமாகக் குறைப்போம் என்று வாக்குத் தந்தீர்கள். முதலில் 2025 டிசம்பருக்குள் என்றீர்கள். 2025 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சர் ஹைடி அலெக்சாண்டர் பாராளுமன்றக் குழுவின் முன் வந்து 2026 கோடைக்குள் என்றார். கணக்காய்வு அறிக்கை வந்தபோது அது 2027 நவம்பருக்குப் போய்விட்டது. ஏழு என்ற எண்ணில் நீங்கள் காட்டுகிற உறுதியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. வருடம் மட்டும்தான் நகர்கிறது.

அதிவிரைவுப் பயிற்சி என்ற சரக்கு எப்படி இவ்வளவு விலைபோகிறது என்பது இப்போது விளங்குகிறது. பெயரைக் கேட்டால், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பொறுமையின்மைக்காகப் பிறந்த வியாபாரம் போலத் தோன்றும். விளம்பரத்தை நிதானமாக வாசித்தால் வேறு விஷயம் தெரியும். "பயிற்சியோடு பரீட்சைத் திகதியும்" என்பதுதான் அங்கே பெரிய எழுத்து. முப்பது மணித்தியாலக் கார் ஓட்டம் சிறிய எழுத்து. வாங்குகிறவர் திகதியை வாங்குகிறார், பயிற்சி கூட வருகிறது.

திங்கட்கிழமை விடிய ஆறு மணிக்கு நீங்கள் புதிய திகதிகளைத் திறந்துவிடுகிறீர்கள். இரவு வேலை முடிந்து வந்த பிள்ளைகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னாலே தூக்கம் வராத, விரல் வலிக்காத கணினி நிரல்கள் வரிசையில் நிற்கின்றன. 62 பவுண் கட்டி எடுத்த திகதி 500 பவுண் வரைக்கும் கைமாறியிருக்கிறது. பழகுநர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இடைத்தரகர் மூலம்தான் பதிவு செய்திருக்கிறார் என்றும் அதே கணக்காய்வு அறிக்கை சொல்கிறது. 2022இல் இலங்கையில் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றவர்கள் நாங்கள். வரிசை நீண்டால் வரிசையில் இடம் விற்கிறவன் பிறப்பான் என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அங்கேயாவது கடைசியில் கியூ.ஆர். அட்டை ஒன்று கொடுத்து ஆளுக்கு இவ்வளவு என்று நிறுத்தினார்கள். நீங்கள் 2025 நவம்பரில்தான், இனிப் பழகுநர் மட்டுமே தன் பரீட்சையைப் பதிவு செய்யலாம், ஆசிரியரோ கொம்பனியோ செய்ய முடியாது என்று அறிவித்தீர்கள். நல்ல முடிவு. தாமதம் என்று சொல்லமாட்டேன், உங்கள் அகராதியில் அதற்குத் திட்டமிடல் என்று பெயர் இருக்கலாம்.

ஆனால் அந்த முடிவோடு என் பெறாமகளின் கேள்வி இன்னும் சிக்கலாகிவிட்டது. திகதியை அவளே பிடிக்க வேண்டும். பயிற்சிக்காரர் அவளுக்குக் கொடுக்கக்கூடியது ஒரு கிழமைக் கார் ஓட்டம் மட்டும். சரி, வருடாந்த லீவைப் போட்டு அந்தக் கிழமையை ஓடி முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சை எப்போது? ஐந்து மாதம் கழித்து. ஒரு கிழமையில் அவசரமாக ஏற்றிய பழக்கம் ஐந்து மாதம் காரே தொடாமல் கிடந்தால் என்ன மிஞ்சும்? கிளட்சும் பிரேக்கும் எந்தக் காலுக்கு என்பது மிஞ்சும். மினி ரவுண்டபவுட்டில் மூன்று பக்கமும் கார் வந்து நிற்கிறபோது யாருக்கு வழிவிடுவது என்பது மிஞ்சாது. ஆகவே பரீட்சைக்கு முன் மறுபடி பாடம் எடுக்க வேண்டும், அதற்கும் அதே மணித்தியாலக் காசுதான்.

நாளுக்கு ஐந்து, ஆறு மணித்தியாலம் கார் ஓடப் பழகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலாவது மணித்தியாலத்தில் மண்டை எதையும் வாங்காது. கண்ணாடி பார்க்கச் சொன்னால் பார்க்கும், கண்டது என்ன என்று கேட்டால் தெரியாது. அதைவிட, ஒரு கிழமைக்குள் எல்லாக் காலநிலையும் வந்துபோகாது. ஜூலையில் பழகியவருக்கு, நவம்பர் மாலை நாலரை மணிக்கு இருட்டி, மழையும் தூறி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கறுப்பு ஜக்கெட்டோடு தெருவைக் கடக்கிற காட்சி எப்படித் தெரியும்? உங்கள் பரீட்சைக்கும் அது தெரியாது என்பதைப் பணிவோடு குறிப்பிடுகிறேன். நாற்பது நிமிடம், பகல் வெளிச்சம், பதினைந்து சின்னப் பிழை வரை மன்னிப்பு, பெரிய பிழை ஒன்று விட்டால் வீடு.

அப்படியென்றால் அதிவிரைவுப் பயிற்சி முழுவதும் ஏமாற்றா? அப்படியும் இல்லை. என் அபிப்பிராயத்தில் அது இரண்டு வகையினருக்கு உதவும். ஒன்று, சில மாதமாக ஒழுங்காகப் பழகி, கையில் திகதியும் வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு கிழமையில் பழக்கத்தை இறுக்க விரும்புகிறவர். மற்றது, என் பெறாமகளைப் போல வேறு நாட்டில் ஓடிப் பழகியவர். இவர்களுக்குப் புதிதாகப் பழகுவதைவிடப் பழையதை மறப்பதுதான் வேலை. யாழ்ப்பாணத்தில் ஹோர்ன் என்பது "வாறன், விலகு" என்பதற்கும், "எப்பிடி, சுகமோ" என்பதற்கும் பொதுவான கருவி. இங்கே அதை அடித்தால் சண்டைக்கு அழைப்பு. அங்கே வெள்ளைக் கோட்டில் நின்று பாதசாரி காருக்கு வழிவிடுவார். இங்கே கார் நிற்கும். இப்படிப்பட்ட மாற்றங்களை நெருக்கமான பாடங்களில் கழற்றி மாட்டிவிடலாம். பதினேழு வயதில் முதல்முதலாக ஸ்டியரிங் பிடிக்கிற பிள்ளைக்கு அதே ஒரு கிழமையைக் கொடுப்பது தெருவுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. "முதல் தடவையிலேயே சித்தி" என்று விளம்பரம் போடுகிறவர்கள், நாட்டில் பரீட்சைக்குப் போகிறவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே சித்தியடைகிறார்கள் என்பதைப் போடுவதில்லை. பெயிலானால் அடுத்த பரீட்சைக்கு ஆகக் குறைந்தது 10 வேலைநாள் இடைவெளி விட வேண்டும் என்று நீங்கள் விதித்திருக்கிறீர்கள். அந்த விதியை இரத்துச் செய்தாலும் ஒன்றும் நடக்காது, கவலைப்பட வேண்டாம். அதற்குள் யாருக்கும் திகதி கிடைத்துவிடாது.

உங்கள் வரலாற்றைப் படித்துப் பார்த்தேன். பெருமைப்பட நிறைய இருக்கிறது. 1934இல் இந்த நாட்டுத் தெருக்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 1935 ஜூன் முதலாம் திகதி பரீட்சையைக் கட்டாயமாக்கினீர்கள். பாதசாரிக் கடவையில் மஞ்சள் உருண்டை விளக்கு நட்டு, அதற்குத் தன் பெயரும் வாய்க்கப்பெற்ற ஹோர்-பெலிஷாதான் அப்போது அமைச்சர். கட்டணம் ஏழரை ஷில்லிங். பரீட்சை நிலையம் என்று ஒரு கட்டடமே கிடையாது. பரீட்சகரை ரயில் நிலையத்து வாசலிலோ பூங்காவிலோ சந்தித்து, அங்கிருந்து ஓடிக் காட்ட வேண்டும். அந்த முதல் ஆண்டில் நூற்றுக்கு 63 பேர் சித்தியடைந்தார்கள். கட்டடம் இல்லாத காலத்தில் பரீட்சகர் கிடைத்தார். கட்டடமும் கணினியும் இருக்கிற காலத்தில் அவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சுயஸ் நெருக்கடிக் காலம். 1956 நவம்பரில் பெற்றோல் தட்டுப்பாடு வந்ததும் பரீட்சைகளை நிறுத்தினீர்கள். பரீட்சகர்களைப் பெற்றோல் பங்கீட்டு வேலைக்கு அனுப்பினீர்கள். பழகுநர்களுக்கோ, பக்கத்தில் ஒருவரும் இல்லாமலே ஓடிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தீர்கள். 1957 ஏப்ரல் வரை அப்படியே. நாடு தப்பிப் பிழைத்தது. இதைத் திரும்பச் செய்யுங்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை. உங்களுக்கும் ஒருகாலத்தில் அவசரம் என்றால் என்ன என்று தெரிந்திருந்தது, அதை நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நீங்கள் அவசரப்பட்டது 2025 நவம்பரில். இராணுவத்தை அழைத்தீர்கள். பாதுகாப்பு அமைச்சின் பரீட்சகர் 36 பேர், கிழமைக்கு ஒருநாள், ஒரு வருடத்துக்கு. அதிகபட்சம் 6,500 பரீட்சை கூடுதலாக நடக்குமாம். கொரோனாக் காலத்தில் நடக்காமல் போன பரீட்சைகளே பதினொரு இலட்சம் அளவில். முழுப் படையையும் அனுப்பியிருந்தால் ஒருவேளை ஹரோ வரையாவது வந்திருப்பார்கள்.

இப்போது இன்னொரு யோசனை வந்திருக்கிறது. 2026 ஜனவரியில் வெளியான வீதிப் பாதுகாப்புத் திட்டத்தில், எழுத்துப் பரீட்சைக்கும் தெருப் பரீட்சைக்கும் இடையில் ஆகக் குறைந்தது மூன்று மாதமோ ஆறு மாதமோ பழக வேண்டும் என்று சட்டம் கொண்டுவரலாமா என்று பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். சட்டமானால் ஒரு கிழமையில் எல்லாம் முடிகிற வியாபாரத்துக்குச் சங்கு. இந்த இடத்தில் பகடி செய்ய எனக்கு மனம் வரவில்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் 17 முதல் 24 வயது வரையானவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். 2024இல் உயிர்ப்பலியோ கடும் காயமோ நேர்ந்த மோதல்களில் நூற்றுக்கு 24இல் அவர்கள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். பல காலநிலையும் பார்த்துப் பழகட்டும் என்று அரசு நினைப்பதில் தவறில்லை, நான் கையெழுத்துப் போடத் தயார். ஒரேயொரு சந்தேகம். ஆறு மாதம் பழகி முடித்த பிறகு ஆறு மாதம் காக்க வைப்பீர்களா, அல்லது காக்கிற ஆறு மாதத்தையே பழகுகிற ஆறு மாதம் என்று எழுதிக்கொள்வீர்களா? இரண்டாவது என்றால், இப்போது நடந்துகொண்டிருக்கிற தாமதம் ஒரே இரவில் பாதுகாப்புக் கொள்கை ஆகிவிடும். அப்படிச் செய்யும் திறமை உங்களிடம் இருக்கிறது என்ற பயத்தில்தான் கேட்கிறேன்.

ஆகவே ஐயா, அம்மா, எங்கள் வீட்டு நிலைமை இது. பிள்ளை இன்னும் எந்தப் பயிற்சிக்கும் காசு கட்டவில்லை. ஒரு கிழமைப் பயிற்சியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம், கிழமைக்கு இரண்டு பாடமாகப் பழகு, திகதி கையில் வந்த பிறகு கடைசி நாட்களுக்கு நெருக்கமாக எடு என்று நான் சொல்லியிருக்கிறேன். ஈஸ்ட்ஹாம் அண்ணையும் அதற்குத் தலையாட்டினார். மாமிக்குச் சம்மதமில்லை. மாமா இன்னும் ட்ரக்டரில்தான் நிற்கிறார். என் யோசனை சரியாக வருவதற்கு ஒன்றே ஒன்று தேவை, அது உங்களிடம் இருக்கிறது.

விசேட சலுகை கேட்கவில்லை. பரீட்சையை இலகுவாக்கச் சொல்லவில்லை, பதினைந்து பிழையைப் பதினாறாக்கவும் சொல்லவில்லை. பரீட்சகர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டி, வந்தவர்கள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 62 பவுண் கட்டியவருக்கு ஏழு வாரத்துக்குள் ஒரு திகதி கொடுங்கள். எந்த வருடத்து ஏழு வாரம் என்பதை மட்டும் இந்த முறை மாற்றாதீர்கள். ரயில் நிலையத்து வாசலுக்கு வரச் சொன்னாலும் வருவோம், விடிய ஆறு மணி வீட்டு வேலை முடிந்தவுடன்.

பதிலை 24 வாரத்துக்குள் எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
பழகுநர் ஒருத்தியின் சித்தப்பா,
வடமேற்கு லண்டன்.